மாப்பிள்ளை ரூமுக்கு வந்த வயர்

— இந்த வயரை நான் பைப்புக்குள்ள விட மாட்டேன், தங்கச்சி. வேணும்னா வேற எலக்ட்ரீஷியனைப் பாத்துக்கங்க.

— ஏன் வீரையண்ணே, காலையிலேருந்து இதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க? வயரு யாரு அனுப்புனது? எங்க வீட்டுக்காரரு, ஹுமைரா அத்தா அனுப்புனது. சவுதியில, தமாம்ல பதினாலு வருஷமா எலக்ட்ரீஷியன், அதுல ஆறு வருஷமா ஃபோர்மேன். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போவுது?

— அவனுக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன். அவன் இதை வேற எதுக்கோ அனுப்பியிருப்பான். நீங்க ஏசிக்குன்னு நினைச்சுக்கிட்டீங்க.

— ஆங், எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. இருங்க, லெட்டரை எடுத்துட்டு வர்றேன்.

— லெட்டரெல்லாம் எதுக்கு இப்ப...

— கேளுங்க. ‘லீவில் ஊருக்கு வரும் பக்கத்துத் தெரு பஞ்சநதம் மூலமாக இரண்டு ரோல் வயர் கொடுத்து அனுப்பியுள்ளேன். நம்ம ஹுமைரா ரூமில் ஏசிக்கு, விளக்குக்கு, ஃபேனுக்கு எல்லாவற்றுக்கும் இதையே போடச் சொல்லவும். ஊர் வயர் எதுவும் அந்த ரூமுக்கு வேண்டாம். நான் சொன்னதாக வீரையனிடம் சொல்லவும்.’ போதுமா? உங்க பேரு போட்டே எழுதியிருக்காரு.

— கையெழுத்து அவனோடதுதானா?

— நல்லாருக்கே! என் புருஷன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

— கோவிச்சுக்காதீங்க. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே தலை சுத்துது. ஃபோர்மேன் எழுதுற எழுத்தா இது? சரி, இங்க வாங்க. இந்த ஸ்டூலுகிட்ட வாங்க. ரெண்டு துண்டு வயரு வச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க. எது தடிப்பு?

— இதுதான். வெள்ளை. ஹுமைரா அத்தா அனுப்புனது. மெத்து மெத்துன்னு என்னமா இருக்கு. உங்க சிவப்பு வயரு குச்சியா நிக்குது.

— எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, பாத்துக்கங்க. கடைக்கு வர்ற பத்துப் பேருல எட்டுப் பேரு வயரை அமுக்கிப் பாத்துத்தான் வாங்குறான், கத்திரிக்காய் வாங்குற மாதிரி. இப்ப பாருங்க, பிளேடு போடுறேன். வெள்ளைத் தோலை உரிச்சாச்சு. உள்ள இன்னொரு தோலு. அதையும் உரிச்சாச்சு. செம்பு எங்க இருக்கு?

— இந்தா இருக்குல்ல, நூலு நூலா.

— ம். தலைமுடி கணக்கா ஒரு கொத்து. ரெண்டு விரல்ல வச்சு முறுக்கினா தீக்குச்சிக் கனம்கூட வராது. இது டேபிள் லைட்டுக்கு, ரேடியோவுக்கு ஆவும். தோலு மேலயே அச்சடிச்சிருக்கான், என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்கிறேன், பாயிண்ட் ஏழு அஞ்சு. முக்கால் எம்எம். இப்ப என் சிவப்பை உரிக்கிறேன். தோலு எவ்வளவு மெலிசு பாருங்க. உள்ள பூராச் செம்பு. இது நாலு எம்எம். ஏசிக்கு இதுதான்.

— ஃபாரின் செம்பு நூலா இருந்தாலும் தாங்கும்னு சொல்றாங்களே. அவங்க ஊருல வீட்டுக்கு வீடு ஏசி. தெரியாமயா செய்வான்?

— செம்புல ஃபாரின் என்ன, நம்ம குடவாசல் என்ன? செம்பு செம்புதான். நானும் பாக்குறேன், ஃபாரின் சோப்பு, ஃபாரின் கம்பளி, ஃபாரின் தைலம்னு சொல்லிச் சொல்லி இப்ப சுவத்துக்குள்ளயும் ஃபாரின் வேணும்ங்கிறீங்க.

— நீங்க தைலம் கேட்டு வாங்கிட்டுப் போவலியா, போன தடவை?

— அது முட்டி வலிக்கு. தங்கச்சி, உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். உங்க வீட்டு நிலம் ஓகை ஊருக்குப் பக்கத்துலதானே? தலைப்பு மதகுல ஆத்துலேருந்து வர்ற தண்ணி அத்தனையும் உங்க வயல் மடைக்குள்ள விட்டா என்ன ஆவும்?

— வரப்பு பிச்சுக்கிட்டுப் போயிரும்.

— அதான். ஏசி இழுக்குற கரண்டு பெரிய தண்ணி. இந்த வயரு வயல் மடை. லைட்டுக்கு ஃபேனுக்கு ஒரு எம்எம், ஒன்றரை எம்எம் போதும். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் வச்சா ரெண்டரை. ஏசின்னா நாலு, அதுவும் மெயின் போர்டுலேருந்து தனியா இழுக்கணும், நடுவுல ஒரு லைட்டைக்கூட அதுல மாட்டக் கூடாது. இதெல்லாம் ஏட்டுல இருக்கு. நான் இட்டுக்கட்டி சொல்லல.

— ஒன்றரை டன்னு ஏசி ஒம்பது ஆம்ஸ்தான் இழுக்கும்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கு.

— அட, பெட்டியெல்லாம் படிச்சிருக்கீங்களா? அந்த ஒம்பது ஆம்ஸு இருநூத்தி முப்பது வோல்ட்டு வந்தா. நம்ம ஊருல எப்ப வந்துச்சு? இந்த வருஷம் மேட்டூரே திறக்கல. ஆத்துல தண்ணி இல்ல. சுத்துவட்டாரத்துல போர் வச்சிருக்கவன் அத்தனை பேரும் குறுவைக்கு மோட்டாரைப் போட்டுட்டு உக்காந்திருக்கான். நேத்து சாயங்காலம் உங்க வீட்லயே அளந்தேன், நூத்தி அறுவத்தஞ்சு. டியூப்லைட்டு கண்ணடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த வோல்ட்டேஜுல ஏசி கம்ப்ரசரு கிளம்ப முடியாம திணறும். திணறத் திணற கரண்டை இன்னும் இழுக்கும். அத்தனை சூடும் இந்த முடிக்கொத்துல இறங்கும். தமாம்ல கரண்டு அப்படியே நிக்கும், அங்க பம்புசெட்டு ஏது?

— அதான் ஸ்டெபிலைசர் வைக்கிறோமே.

— ஸ்டெபிலைசரு ஏசியைக் காப்பாத்தும், சுவத்துக்குள்ள இருக்கிற வயரை அது காப்பாத்தாது. குறைச்சலா வர்ற வோல்ட்டை அது ஏத்திக் குடுக்கணும்னா, இந்த வயருலேருந்துதான் கூட இழுக்கும்.

— அதுக்கு முன்னாடி ஃப்யூஸ் போயிரும்ல? ஃப்யூஸ் கம்பியை மெலிசா கட்டிட்டா வயரு சூடேறுறதுக்குள்ள அது அறுந்துராதா?

— அறுந்துரும். ஆனா அப்புறம் ஏசியே ஓடாது. போட்ட நிமிஷமே ஃப்யூஸ் போவும். அதுக்காக வர்றவன் தடிக் கம்பியா கட்டுவான், அப்புறம் வயருதான் எரியும். ஆமா, உங்களுக்கு ஃப்யூஸ் கம்பி விவரமெல்லாம் எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டதுதான். நீங்க பேச்சை மாத்தாதீங்க.

— நான் எங்க மாத்துறேன்? போன சித்திரையில கீழத்தெருவுல ஒரு வீட்ல நடந்தது தெரியும்ல? ஹீட்டரு மாட்டணும்னு லைட்டு வயருலேருந்தே ஒரு லைன் எடுத்திருக்கான். ஒரு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. சுவிட்ச் போர்டு உருகி வழிஞ்சு, பக்கத்துல பீரோ மேல வச்சிருந்த ஜமுக்காளம் பத்திக்கிச்சு. பகல் நேரம், ஆள் இருந்தாங்க, தப்பிச்சாங்க. நாந்தான் போயி சுவத்தை உடைச்சு வயரை எடுத்தேன். தோலெல்லாம் போயி வெறுங் கம்பி கருகிப் போயிக் கிடந்துச்சு. இது உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கப்போற ரூமு, தங்கச்சி.

— ஆண்டவனே. நல்ல வார்த்தையா சொல்லுங்கண்ணே. இன்னும் பதினெட்டு நாள்ல நிக்காஹ்.

— நல்ல வார்த்தைதான் காலையிலேருந்து சொல்றேன். இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இந்த வயருல ரெண்டு கம்பிதான். எர்த்துக்குக் கம்பியே கிடையாது. ஏசி உடம்பு பூரா தகரம். ஈரக் கையோட ஹுமைரா தொட்டான்னா?

— தனியா ஒரு பச்சை வயரு இழுத்துக்கலாம்ல?

— இழுத்துக்கலாம், இழுத்துக்கலாம். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க. அப்படியே நாலு எம்எம்முன்னும் ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?

— நான் எப்படிண்ணே சொல்றது? சம்பந்தி மீரா உசேன் அண்ணன் போன வாரம் திருத்துறைப்பூண்டியிலேருந்து வந்தாங்கள்ல. எங்க வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, கல்யாணமாகி மாப்பிள்ளை இங்க வந்துதான் தங்குவாரு, ரூமு நாங்கதான் ஜோடிச்சுக் குடுக்கணும். ரூமைப் பாத்துட்டு, ‘பொண்ணோட அத்தா ஃபோர்மேனாச்சே, வயரிங்கெல்லாம் அவரு சொல்படிதானே?’ன்னு கேட்டாங்க. ஆமா, அங்கேருந்தே வயரு வருதுன்னு சொன்னேன். தெரு பூரா அந்த வயரு வந்த கதை தெரியும். பஞ்சநதம் அண்ணன் கம்பளியில சுத்தி எடுத்துட்டு வந்து, பள்ளிவாசல் வாசல்ல வச்சுப் பிரிச்சுக் காமிச்சுட்டுத்தான் இங்க கொண்டாந்தாரு. இப்ப அதைத் தூக்கி ஓரமா போட்டா என்ன பேச்சு வரும்? ஃபோர்மேன் அனுப்புன வயரை உள்ளூரு வீரையன் வேணாம்னுட்டாராம்னுதானே வரும்?

— வரட்டும். எனக்கும் ஒரு பேரு இருக்குல்ல? இருவத்தேழு வருஷம். நான் இழுத்த ஒரு லைன் கருகினதில்ல.

— உங்களுக்கு அவருமேல ஒரு இது. அதான் இப்படிப் பேசுறீங்க.

— எது?

— சொல்லட்டுமா? அவரு போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க கூடத்தான் ஏணி பிடிச்சாரு. டெஸ்டர் பிடிக்கக் கத்துக்குடுத்ததே நீங்கதான். ஒரு வாரம் கத்துக்கிட்டவரு ஃபோர்மேனாயிட்டாரேன்னு உங்களுக்கு.

— இருக்குது, தங்கச்சி. இல்லைங்கல. ஹால்ல அவன் போட்டோ மாட்டியிருக்கீங்க பாருங்க, மஞ்ச ஹெல்மெட்டோட. காலையிலேருந்து சுவத்தைத் துளைக்கிறப்பல்லாம் அது என்னையேதான் பாக்குது. ஒரே பெஞ்சுல படிச்சவன். சைக்கிள் கடை வச்சிருந்தவன். எண்பத்தெட்டுல அந்த விசா எனக்கு வந்திருக்கணும், ஏஜண்டுக்குக் குடுக்க என்கிட்ட இல்ல, அவன் அத்தா ஒரு மா நிலத்தை வித்துக் குடுத்தாரு. நான் இன்னும் ஏணி தூக்குறேன். பொறாமைதான். ஆனா அதுக்காக உங்க வீட்டைக் கொளுத்தவும் மாட்டேன், கொளுத்துற வயரைப் போடவும் மாட்டேன்.

— சரி, ஒண்ணு செய்வோம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அங்க ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நமக்கு மூணு மணிக்கெல்லாம் போன் வரும். நீங்களே அவருகிட்டக் கேளுங்க. நான் குறுக்க வரல. அவரு வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா வேணாம். போடுன்னு சொன்னா நீங்க போட்டுத்தான் ஆவணும்.

— கேக்குறேன். நல்லாக் கேக்குறேன். மணி என்ன?

— அந்தா, போன் அடிக்குதே. அவருதான்.

— எடுங்க, எடுங்க.

— வ அலைக்கும் ஸலாம். ம், நல்லா இருக்கோம். சாப்டீங்களா? ஹுமைரா தையக்காரி வீட்டுக்குப் போயிருக்கா, ஜாக்கெட்டு அளவுக்கு. ஆமா, ரூமுல பைப்பெல்லாம் பூசியாச்சு, இனி வயரு இழுக்கிறதுதான். டிக்கெட்டு உறுதியாயிருச்சா? அல்ஹம்துலில்லாஹ். இங்க வீரையண்ணன் நிக்கிறாங்க, வயரு விஷயமா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். எனக்கு அதெல்லாம் புரியல, நீங்களே பேசுங்க. அண்ணே, இந்தாங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன், நான் உள்ள போறேன். டீ போட்டு எடுத்துட்டு வர நேரமாவும், நீங்க நிதானமா பேசுங்க.

— ஹலோ. சலாஹு, நாந்தான்டா.

— வீரையா! எப்படி இருக்கே? வேலையெல்லாம் கலாஸா, முடிஞ்சிருச்சா?

— கலாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் வயருதான் முட்டுக்கட்டையா நிக்குது. ஏசிக்கு இதைப் போடச் சொல்லி எழுதியிருக்கியாமே?

— ஆமாடா, ஃபஸ்ட் கிளாஸ் வயரு. மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல. பயப்படாம போடு.

— எத்தனை எம்எம்முன்னு நினைச்சு அனுப்புனே?

— எம்எம்மா? பாத்தா தெரியலியா உனக்கு? நல்ல தடிப்பா இருக்குல்ல?

— தோலு தடிப்பு. உள்ள முக்கால் எம்எம். சரி, நீ சொல்லு, உன் சைட்டுல ஒரு ஏசி பாயிண்டுக்கு என்ன வயரு இழுப்பே?

— அது... அங்க எல்லாம் எஞ்சினியரு பாத்துச் சொல்வான்.

— எஞ்சினியரு சொல்றதைத்தான் கேக்குறேன். என்ன சொல்வான்?

— நஃபீசா பக்கத்துல இருக்காளா?

— இல்ல. அடுப்படியில டீ போடுது.

— கதவு சாத்தியிருக்கா?

— ஹாலுல நான் மட்டுந்தான் நிக்கிறேன். சொல்லு.

— வீரையா, நான் ஃபோர்மேன் இல்லடா.

— சரி, எலக்ட்ரீஷியன்தானே? அதுக்கென்ன?

— எலக்ட்ரீஷியனும் இல்ல.

— என்னடா சொல்றே?

— வந்த முதல் வாரமே ஒரு போர்டைக் குடுத்துக் கனெக்ஷன் குடுன்னான். நீ கத்துக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன். நம்ம ஊருல சிவப்பு, கருப்பு. அங்க பழுப்பு, நீலம். எதை எதுல மாட்டுறதுன்னு தெரியல. கேக்க வெக்கம். மாட்டிட்டு சுவிட்சைப் போட்டேன், டமார்னு வெடிச்சிருச்சு. திருப்பி அனுப்புறேன்னான். காலுல விழாத குறை. நிலத்தை வித்துல்ல வந்திருக்கேன்? அப்புறம் பாவம் பாத்து குடோன்ல போட்டான்.

— குடோன்ல என்ன வேலை?

— லோடு ஏத்துறது, இறக்குறது. வயர் குடோன்தான். பதினாலு வருஷமா வயருதான் தூக்குறேன் வீரையா. பெரிய பெரிய உருளை, சின்னச் சின்ன ரோலு. ஒரு முனையைக்கூட நான் உரிச்சுப் பாத்ததில்ல.

— பதினாலு வருஷமும் இதேவா?

— இதே. ரெண்டாவது மாசம் லெட்டர்ல, வேலை நல்லா இருக்கு, என்னைய எலக்ட்ரீஷியனா வச்சிருக்காங்கன்னு எழுதிட்டேன். அத்தாவுக்கு அப்ப உடம்பு முடியல. சந்தோஷப்படட்டும்னுதான். அப்புறம் அதை எப்படித் திருப்பி வாங்குறது? வருஷமாக ஆக, எல்லாரும் இன்னுமா எலக்ட்ரீஷியனுன்னு கேட்டாங்க. ஃபோர்மேனுன்னேன்.

— அப்ப இந்த போட்டோ? மஞ்ச ஹெல்மெட்டு?

— அது லாரி டிரைவர் ஒருத்தனோடது. ஒரு நிமிஷம் வாங்கி மாட்டிக்கிட்டேன்.

— அடப்பாவி. உன்னைய நினைச்சு நான் எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமாடா? உன் வீட்டுக்கு வேலைக்கு வர்றதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

— நீ ஊருல ராஜாடா. உன்னைய பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. என்னைய இங்க நம்பர் சொல்லித்தான் கூப்புடுறான்.

— சரி விடு. இந்த வயரை எதுக்குடா அனுப்புனே?

— பொட்டி கிழிஞ்ச ரோலு ரெண்டு ஓரமா கிடந்துச்சு. முதலாளி எடுத்துக்கன்னான். கையில பிடிச்சுப் பாத்தேன், இருக்கிறதுலேயே மெத்துன்னு இதுதான் இருந்துச்சு. என் பொண்ணு படுக்கிற ரூமுல என் கையால ஒண்ணு இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன். அவளை ஸ்கூல்ல சேத்தப்ப நான் இல்ல. அவ பத்தாவது பாஸானப்ப இல்ல. வல்லாஹி, சத்தியமா அது ஆபத்துன்னு எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சா எம் பொண்ணு ரூமுக்கு அனுப்புவேனா?

— மாட்டே. தெரியும். அழுவாத. போன்ல அழுதா எனக்குக் கஷ்டமா இருக்கு.

— அழல. இப்ப என்ன செய்யிறது? சம்பந்தி வீட்டுல கேப்பாங்களே. நான் வந்து இறங்குனதும் ரூமைத்தான் பாக்க வருவாங்க.

— சொல்றேன் கேளு. வாசல்ல காலிங் பெல்லு வைக்கணும்னு தங்கச்சி கேட்டிருக்கு. பெல்லுக்கு இதைவிட நல்ல வயரு கிடையாது. மாப்பிள்ளை ரூமுல கட்டில் பக்கத்துல ஒரு டேபிள் லைட்டு வாங்கி வைப்போம், அதுக்கும் இதுதான் சரி. சம்பந்தி வாசலுக்கு வந்ததும் முதல்ல பெல்லைத்தான் அழுத்துவாரு. தமாம் வயரு எங்கன்னு கேட்டா, இப்ப அடிச்சீங்களே அதுதான்னு நீ சொல்லு. பொய்யே இல்ல.

— ஏசிக்கு?

— ஏசிக்கு நாலு எம்எம். எழுதி வச்சுக்க. லைட்டுக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு. சிவப்புல கரண்டு, கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. சொல்லு பாப்போம்.

— ஒன்றரை, ரெண்டரை, நாலு. சிவப்பு, கருப்பு, பச்சை.

— அவ்வளவுதான். யாராவது கேட்டா தயங்காம சொல்லு. நீ ஃபோர்மேன்.

— வீரையா, கார்டு தீரப் போவுது, பீப்பு அடிக்குது. ஒண்ணே ஒண்ணு. நஃபீசாகிட்ட மட்டும் சொல்லிராதடா. பதினாலு வருஷமா என்னைய எலக்ட்ரீஷியன், ஃபோர்மேனுன்னு நினைச்சு வாழ்ந்துட்டா. அவ மனசு தாங்காது.

— சொல்ல மாட்டேன். எங்க அம்மா சத்தியமா சொல்ல மாட்டேன். வச்சிரு. நிக்காஹுக்கு முன்னாடி வந்துருவேல்ல, பாத்துக்கலாம்.

— என்னண்ணே, வச்சாச்சா? இந்தாங்க டீ. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

— ஆச்சு, தங்கச்சி. கார்டு தீந்துருச்சு.

— என்ன சொன்னாரு?

— என்ன சொல்வான்? நான் நினைச்ச மாதிரிதான். இந்த வயரு பெல்லுக்கும் டேபிள் லைட்டுக்குமாம். ஏசிக்கு நாலு எம்எம்தான் போடணும், அது தெரியாதாடா உனக்கு, இருவத்தேழு வருஷமா என்ன கிழிக்கிறேன்னு என்னையவே ஒரு பிடி பிடிச்சுட்டான். பாத்துக்கங்க, ஃபோர்மேன் ஃபோர்மேன்தான்.

— அப்படியா? லெட்டர்ல ஏசிக்கு, எல்லாத்துக்கும்னு எழுதியிருக்காரே?

— அது... அவசரத்துல எழுதியிருப்பான். பஞ்சநதம் கிளம்புற நேரமா இருந்திருக்கும். ஒரு வரி விட்டுப் போச்சாம். எத்தனை சைட்டு பாக்குறான், தலையில எவ்வளவு இருக்கும்?

— அதுவும் சரிதான். வேற என்ன பேசுனாரு? இவ்வளவு நேரம் ஆச்சே.

— ஸ்கூலு கதைதான். பழைய வாத்தியாரு, சைக்கிள் கடை. சரி தங்கச்சி, நான் கிளம்புறேன். நாலு எம்எம் குடவாசல்ல நல்லது கிடைக்காது. கும்பகோணம் போயித்தான் எடுத்துட்டு வரணும். நாளைக்குப் பொழுது அதுலேயே போயிரும். ஞாயித்துக்கிழமை இழுத்துர்றேன்.

— கும்பகோணமெல்லாம் போவ வேணாம்ணே. நெல்லு மூட்டைக்குப் பின்னாடி ஒரு சாக்கு இருக்கு பாருங்க, அதை இழுங்க. கனமா இருக்கும், மெதுவா.

— என்ன இது? அட, சிவப்பு ஒரு சுருள், கருப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு... எல்லாம் நாலு எம்எம்மு. அடியில ரெண்டரை. ஒன்றரையும் இருக்கு. எப்ப வந்துச்சு இது?

— போன மாசம். கும்பகோணத்துல கடைக்காரருகிட்ட ஏசி பெட்டியில இருந்ததை எழுதிட்டுப் போயிக் காமிச்சேன். எந்த வயருன்னு அவரு சொன்னதையும் எழுதி வாங்கிட்டு, வேற ரெண்டு கடையிலயும் கேட்டேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க.

— அப்ப காலையிலேருந்து என்கிட்ட மல்லுக்கட்டுனது எதுக்கு? ஃபாரின் செம்பு, ஸ்டெபிலைசரு, எனக்குப் பொறாமைன்னு...

— பொறாமைன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு ரோஷம் வந்து நீங்களே அவருகிட்டக் கேக்கணும், வேற வழி தெரியல. அவரு ஆசையா அனுப்புன வயரை நான் வேணாம்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்க சொன்னா அது தொழில் பேச்சு.

— தங்கச்சி, நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி முதல் லீவுல வந்திருந்தாரு. ஒரு நாள் பொழுது சாயிற மக்ரிபு நேரத்துல ஃப்யூஸ் போயிருச்சு. வீடு நிறைய சொந்தக்காரங்க. எல்லாரும் அவரு முகத்தைத்தான் பாத்தாங்க. மெயினைத் திறந்து பாத்தாரு, எதையும் தொடாம மூடிட்டாரு. தொழுகைக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. நீங்க முன்னாடி ஒரு தடவை கட்டுறதைப் பாத்திருந்தேன்ல, அதை நினைச்சு நாந்தான் கம்பியைக் கட்டிப் போட்டேன். அவருதான் கட்டிட்டுப் போனாருன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். அன்னிக்கு அவரு உள்ளங்கையைப் பாத்தேன்ணே. அது கயிறு இழுத்த கை, மூட்டை தூக்குன கை.

— பதினோரு வருஷமாவா தெரியும்?

— ம். நாளைக்கு ஹுமைரா ரூமுக்கு நாலு எம்எம்மை இழுத்துருங்க, பெல்லுக்கு அவரு வயரைப் போட்டுருங்க. ஒண்ணே ஒண்ணு, அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணே. அவரு மனசு தாங்காது.